அப்பாவின் இடது கை

லயத்துத் தண்ணீர்க் குழாயை உடைத்தது என் அப்பா இல்லை. இத்தனை வருடம் கழித்தும் இதைக் கோபமில்லாமல் என்னால் எழுத முடியவில்லை.

கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். எண்பதுகளில் அங்கே வடிகால் வெட்ட ஒரு குத்தகைக்காரர் மண் தோண்டும் இயந்திரம் கொண்டுவந்தார். எல்லாரும் அதைப் பெக்கோ என்பார்கள். அப்பாதான் ஓட்டுநர். மற்றவர்களைப் போலச் செம்பனைக் குலை சுமக்காமல், உட்கார்ந்தபடி இரண்டு பிடிகளை அசைத்துச் சம்பாதிப்பவர் என்று லயத்தில் அவருக்கு மரியாதை. கொஞ்சம் பொறாமையும்தான்.

எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரவள்ளிக் குச்சிகளை நட்டு, நடுவில் பிஸ்கட் டின் போட்டு உட்கார்ந்து நானும் ஓட்டுவேன். வடிகால் கரையில் நின்று அப்பாவின் கைகளைப் பார்த்தே மனப்பாடம் செய்திருந்தேன். இடது பிடியை முன்னே தள்ளினால் வாளி மாட்டிய முன்கை நீளும். வலது பிடியை முன்னே தள்ளினால் அதைத் தாங்கும் பெருங்கை இறங்கும். பக்கவாட்டில் சாய்த்தால், இடது பிடிக்கு வண்டி திரும்பும், வலது பிடிக்கு வாளி அள்ளும்.

ஒருநாள் அந்த வண்டி பழுதாகி, லோரியில் ஏறிச் செகிஞ்சான் போனது. பதிலுக்கு வேறு கம்பெனி வண்டி வந்தது.

"ஓட்டிருவீங்கல்ல?" என்றார் குத்தகைக்காரரிடம் மேற்பார்வை பார்க்கும் மண்டோர். "சீக்கிரம் லா, ஏற்கெனவே லேட்டு."

"எல்லா வண்டியும் ஒண்ணுதான் தம்பி" என்று அப்பா ஏறினார்.

குழாய்க்கு அப்பால் கிடந்த மண்ணை அள்ள, இடது பிடியை முன்னே தள்ளினார். முன்கை நீளவில்லை. பெருங்கை தொம்மென்று குழாய்மேல் இறங்கியது. கூரை உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. மொத்த லயத்துக்கும் அது ஒன்றுதான் குழாய்.

பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். "ரெண்டு குச்சியப் பிடிக்கத் தெரியல, இதுல உக்கார சீட்டு வேற!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"என்னண்ணே, காலையிலேயே ஏத்திட்டீங்களா?" என்றார் மண்டோர். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா கள்ளைத் தொட்டதே இல்லை. ஆனால் அவரும் சேர்ந்து சிரித்தார். "கவனம் தப்பிருச்சு தம்பி. நாளையிலேருந்து பாத்துக்கிறேன்."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கத்தினேன்.

"அப்பா குடிக்கல! இந்த வண்டியில பிடி மாறியிருக்கு. வலது கையில செய்யறது இடது கைக்கு வந்திருக்கு. அப்பாவுக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது!"

சிரிப்பு நின்றது. மண்டோர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாண்ணே?"



மறுநாள் ராசா என்ற ஊரிலிருந்து வேறொருவர் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தார். அப்பா குலை சுமக்கப் போனார்.

இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். எந்தப் பிடி எதை அசைக்கும் என்று எழுதி ஒட்டாமல் ஒன்றையும் ஓடவிடமாட்டேன். குற்றவாளிகளின் பட்டியலும் என்னிடம் உண்டு. ஆளுக்கொரு விதமாய்ப் பிடி வைத்த கம்பெனிகள். ஒரு துண்டுத்தாள்கூட ஒட்டாமல் வண்டியை அனுப்பியவர்கள். சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் தராத மண்டோர். நான்காவதாக யாரை எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

கவனம் தப்பியவருக்கு மறுநாளும் வேலை இருந்திருக்கும்; ஓட்டத் தெரியாதவருக்கு இல்லை. அது தெரிந்துதான் அப்பா சிரித்தார்.

அப்போது எனக்கு அது தெரியவில்லை. அன்று மாலை, அவர் வந்து என்னைப் பாராட்டப் போகிறார் என்று வாசலிலேயே காத்திருந்தேன்.