ரெண்டு ராத்தல் கருப்பட்டி

ராத்தல் என்றால் ஒரு பவுண்டு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அரபிக்காரர்களின் கப்பலில் வந்து இறங்கிய சொல். அவர்களுக்கே அது கிரேக்கத்திலிருந்து போனதுதான் என்பாரும் உண்டு. எங்கள் கரையில் ஒரு காலத்தில் சீனியும் புகையிலையும் ராத்தலில்தான் விற்றது. கிலோ வந்ததும் இங்கே செத்துப்போனது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இன்னும் ரொட்டியை ராத்தல் கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டே இதையெல்லாம் வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருப்பேன். அந்தச் சொல்லால் ஒருத்திக்கு வீடு போனதை மட்டும் சொன்னதில்லை.

என் கடைக்குப் பக்கத்துத் தையல் கடையில் வேலை பார்ப்பவள். அகதி முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். மகளுக்குத் தூத்துக்குடியில் காலேஜ் கிடைத்திருந்தது; முகாமிலிருந்து ரெண்டு பஸ் மாறி இவள் தினமும் படுகிற பாட்டை மகளும் பட வேண்டாம் என்று நினைத்தாள். வெளியே தங்க அனுமதி வாங்கிவிட்டாள். வீடுதான் அமையவில்லை. மில்லர்புரத்தில் தெரிந்த அண்ணாச்சி வீட்டு மாடி காலியாக இருந்தது. "முதல்லயே முகாம்னு சொல்லாண்டாம். நான் பக்குவமாச் சொல்லுதேன்" என்று கூட்டிப்போனேன்.

அண்ணாச்சிக்கு அவளைப் பிடித்துவிட்டது. சாவியையே எடுத்து வந்துவிட்டார். அவர் வீட்டம்மா, உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டிப் பையை அவள் கையில் கொடுத்து, "ஒரு கிலோன்னுதான் சொன்னான். இருக்கான்னு பாரும்மா" என்றாள்.

ஏந்திப் பார்த்துவிட்டு இவள் சொன்னாள்: "ரெண்டு ராத்தல்தான் வரும் அக்கா."

அண்ணாச்சி சாவியை மடியில் செருகிக்கொண்டார். "சிலோனா?"

"நான் பிறந்தது இங்கதான் அண்ணா. அம்மா அப்பிடித்தான் சொல்லுவா."

"அதுக்கில்லம்மா. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து கதவத் தட்டுவான். வயசுப் பிள்ள வேற இருக்குங்கிய."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க அப்பா கொழும்புல ராத்தல் ராத்தலா மிளகா வித்துத்தானே அண்ணாச்சி இந்த வீட்டையே கட்டுனாவ?"

"அது யாவாரம்லே. போனவுக திரும்பி வந்துட்டாவல்லா."

பஸ் ஸ்டாப்பில் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்தச் சொல் எந்தெந்தக் கடலெல்லாம் தாண்டி வந்தது, எந்த ஊரும் அதை விரட்டவில்லை என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தபோது சொன்னாள்: "அடுத்த வீட்டில நான் வாயே திறக்க மாட்டன் அண்ணா. எல்லாம் நீங்களே கதையுங்கோ."

அப்படியே செய்தோம். முத்தையாபுரத்தில் நான் பேசினேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீடு கிடைத்துவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவன் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டான். முத்தையாபுரத்து வீட்டுக்காரி கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள்.

"நல்ல ஆளாத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிய அண்ணாச்சி. சத்தமே கிடையாது. தாயும் மகளும் வீட்டுக்குள்ளகூட குசுகுசுன்னுதான் பேசிக்கிடுதாவ."