தலைவர் பதவி ஏலம் போன வருஷம்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விட்டபோது எனக்கு எட்டு வயது. அந்த முறை பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோயில் திருப்பணிக்கு அதிகம் கொடுப்பவர் வீட்டுப் பெண்தான் தலைவர், ஓட்டுப் போடும் வேலையே வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அது பொறுக்கவில்லை. “கம்மாய் மீனத்தான ஏலம் விடுவாக. ஓட்டையுமா விடுவாக?” என்று வீடு வீடாய்ப் போய்க் கேட்டாள். அருப்புக்கோட்டை வக்கீல் ஒருவர் வழிகாட்ட, ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாக்காளர் சங்கம் ஆரம்பித்தார்கள். எதிர்த்து ஒருவர் நின்றால்தான் தேர்தலே நடக்கும். யாரும் துணியாததால் அத்தையே திருச்சுழி யூனியன் ஆபீசுக்குப் போய் வேட்பு மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் தமுக்கடித்து எங்களை ஊரைவிட்டு விலக்கினார்கள். கடையில் சாமான் இல்லை, குழாயடியில் தண்ணீர் இல்லை. சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டுச் சிநேகிதி தள்ளி உட்கார்ந்தாள். ஊரே எங்களோடு டூ விட்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் இரண்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் வெட்டிவெட்டி இழுத்தது. அப்பா டவுனில் தறி வேலைக்குப் போயிருந்தார். ஊரில் இருந்தது ஒரே வேன். அதன் சொந்தக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. அம்மா அவர் வாசலில் போய் அழுதாள்.

“நான் வண்டிய எடுத்தா நாளைக்கு என் வீட்டுக்கும் இதே கதிதான், தாயி,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அம்மாவும் அத்தையும் தம்பியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, கரிசக்காட்டு வழியே பஸ் ரோட்டுக்கு ஓடினார்கள். என்னை விட்டுவிட்டுப் போக ஒரு வீடும் இல்லாததால் நானும் பின்னால் ஓடினேன். வெயில் ஏறியபிறகுதான் பஸ் வந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில், மூளைக்காய்ச்சல், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். தம்பி கண் விழித்த அன்று அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“திருச்சுழி வரைக்கும் போய்ட்டு வாரேன், மதினி.”

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்தாள்.

அத்தை மனுவைத் திரும்ப வாங்கியதும் ஊரின் கோபம் தீர்ந்துவிட்டது. நாங்கள் திரும்பியபோது பஸ் ஸ்டாப்புக்கே வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தம்பியைப் பார்க்க வந்தாள். சிநேகிதி என்னை விளையாடக் கூப்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம், போட்டியில்லாமல் ஜெயித்த தலைவரம்மாவுக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். எங்கள் வாசலுக்கு நேராகச் சரவெடியைக் கொளுத்தினார்கள். தொழுவத்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தை மடியில் இருந்த தம்பி மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“பாரு அத்தே, தம்பிக்குப் பயமே இல்ல!” என்று பெருமையாகக் கத்தினேன்.

அத்தை அவனையே பார்த்தாள். பிறகு அவன் காதோரம் கையைத் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, நானும் அவனுடைய இன்னொரு காதுப்பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டத் தொடங்கினேன்.