கவலைக்கு ஏழெட்டுச் சொல்

என் தங்கை நேர்ஸ். இங்கிலாந்தில் வேலை எடுப்பதென்றால் இங்கிலீஷ் சோதனை பாஸ்பண்ண வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் சோதனைக்கு அது போதாதாம், பெரிய பெரிய சொற்கள் வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் போனபின் உரும்பிராய் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போனால் நான் ஒருத்தி.

காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும்போதுதான் படிப்பு. நான் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பேன். அவள் போனோடு வரம்பில் குந்தியிருப்பாள். ஒரு பாத்தி நிறைவதற்குள் ஒரு புதுச்சொல்லும் பொருளும் அதை வைத்து ஒரு வசனமும் உரக்க வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பமாட்டேன்.

“அக்கா, வெங்காயம் அழுகப்போகுது, திருப்புங்கோ!”

“அழுகட்டும். நீ சொல்லு.”

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவள் திக்கினால் மட்டும் விளங்கும். ஒருநாள் கவலைக்கு மட்டும் ஏழெட்டுச் சொல் படித்தாள். சின்னக் கவலை, தீராத கவலை, காரணமே இல்லாத கவலை என்று வெள்ளைக்காரன் வெங்காயம் போலத் தரம் பிரித்து வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடையது எந்தத் தரம் என்று கேட்க மனம் வரவில்லை.

அவள் பாஸ்பண்ண வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். போகக்கூடாது என்றும் அதே பிள்ளையாரிடம்தான் அழுதேன். அவர் முதலாவதைக் கேட்டுவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வான் ட்ரைவர் பாட்டுப் போட்டான். நிப்பாட்டு என்று சத்தம் போட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்?

சென்ற கிழமை போன் எடுத்தாள்.

“அக்கா, அந்தப் பெரிய சொல்லெல்லாம் ஆஸ்பத்திரி வாட்டிலை ஆரும் கதைக்கிறேல்லை. தண்ணி, நோகுது, குளிருது, அவ்வளவுதான். இண்டைக்கு ஒரு வயதுபோன மனுசி செத்துப்போச்சு. பிள்ளையள் நாலு பேர், ஒருத்தரும் வரேல்லை. நான்தான் கடைசிமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்.”

“நல்ல காரியம் செய்தாய்” என்றேன். உண்மையாகவே நல்ல காரியம்தான். ஆனால் அந்த மனுசிக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். போனை வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நேரம் வரும்போது, யாருடைய தங்கை வந்து இதைப் பிடிப்பாள்?