வேப்பிலைப் படுக்கையில் சொன்ன வாக்கு

எங்கள் தெருவில் முதலில் அம்மை குத்திக்கொண்டவன் நான். யாரும் என்னை முன்னே தள்ளிவிடவில்லை. ஜோகுபாளையத்துக் குழாயடியில் குடத்தோடு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடி நானே போய் நின்றேன். இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய தகுதி ஒன்று இருந்தது. வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றிப் பேசுவேன். பத்து நிமிஷம் கொடுத்தால் அரை மணி பேசுவேன்.

பின்தெருவில் ஒருவருக்குப் பெரியம்மை கண்டு, ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். கன்னடக்காரர். கன்னட ஊரில் குடியேறிய தமிழர்கள் நாங்கள்; எங்கள் தெருப் பெண்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். கறிகாய்க்காரியிடம் கன்னடத்திலேயே சண்டை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஒருத்திக்கும் புரியவில்லை. சரி என்று நான் மொழிபெயர்க்கக் கிளம்பினேன். முள் பதித்த சின்ன வட்டத் தகட்டை என் தோளில் வைத்து அவர் ஒரு திருகு திருகினார். "வலிக்கவே இல்லை!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். வலித்தது.

அப்படியும் கை நீட்டாமல் நின்றவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டு அக்கா. மில்லில் வேலை செய்பவரின் மனைவி. இடுப்பில் பெண் குழந்தை, அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தது. அதற்கு முன் பிறந்த பையனை அவள் பெரியம்மைக்குப் பறிகொடுத்திருந்தாள்.

"அதுக்குத்தானேக்கா குத்திக்கணும்?" என்றேன்.

"அதனாலதான் தம்பி பயமா கீது. ஆத்தாளுக்குக் கோவம் வந்துட்டா இன்னா பண்றது? நீ குத்திகினே இல்ல? உனக்கு ஒண்ணும் ஆவலைன்னா, அடுத்த தபா அவரு வரசொல்ல நான் புள்ளைய காட்டறேன்."

"எனக்கு இன்னாக்கா ஆவும்? கல்லு மாதிரி இருப்பேன், பாரு!"

மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் வருவேன், அதோடு இந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மை குத்துகிறவர் போனார்.

என்னால் கல் மாதிரி இருக்க முடியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் குத்தியதை, வீட்டுக்கு வந்த கையோடு அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஆகவே உடம்புக்கு இது புதுசு. ஒரு வாரத்தில் தோளில் நீர் கோத்துக் கொப்புளம் எழும்பியது. அக்குளில் நெறி கட்டியது. காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது. எல்லாம் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யார் சொல்வது? சட்டையை விலக்கிப் பார்த்தவள், "ஆத்தா முத்து போட்டுட்டா!" என்றாள்.

"இது ஊசி போட்ட புண்ணும்மா."

"வாய மூடுடா!" என்றவள் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிடு தாயே, புள்ளைன்னு நெனச்சி திட்டிட்டேன்."

அந்த நிமிஷம் முதல் அந்த வீட்டில் நான் பிள்ளை இல்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. தாளிப்பு நின்றது. நைனா சவரம் செய்துகொள்ளவில்லை. வேப்பிலை பரப்பி, அதன்மேல் அம்மாவின் பழைய மஞ்சள் புடவையை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் இருந்த என் வாசகசாலைத் துண்டறிக்கைகளின் மேலும் ஒரு கொத்து வைத்தாள். பிடுங்கி எறியத் தெம்பில்லை.

வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் தெரு முடிவு கட்டிவிட்டது. ஊசி போட்டதால்தான் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று.

குத்துகிறவர் மறுபடி வந்த காலையில் அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தாள். ஒரு சொம்பு மோரை வைத்தாள். குழந்தையை என் காலடியில் கிடத்தினாள். தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"தாயே, அந்த ஊசிக்காரரு தெரு முனையில நிக்கறாரு. புள்ளைக்குப் போட்டுக்கறதா வேணாமா, நீயே ஒரு வார்த்தை சொல்லு. வேணாம்னா கதவ சாத்திக்கறேன்."

"அக்கா, நான்தான். எழுந்திரு. ஆத்தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வெறும் காய்ச்சல்..."

"பார்த்தியாடி?" என்றாள் அம்மா, கதவோரத்திலிருந்து. "உன்ன சோதிக்கறா."

அக்கா அழ ஆரம்பித்தாள். "கோவமா தாயே? பையனைத்தான் எடுத்துகினே. இதையாவது எனக்கு விட்டுக் குடு."

குழந்தை என் கால் பெருவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் கொப்புளத்தைக் காட்டினேன். கிருமி என்றேன், ரத்தம் என்றேன், விஞ்ஞானம் என்றேன். வாசகசாலையில் கைதட்டு வாங்கிய சொற்கள் அத்தனையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வெளியே "பேக பன்னி, பேக பன்னி" என்று, சீக்கிரம் வரச்சொல்லிக் கன்னடத்தில் ஊசிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக் கதவு ஒருமுறை சாத்தினால் சாத்தியதுதான்.

அடுத்துச் செய்ததை எழுதக் கூசுகிறது. கண்ணை மூடிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். "மகளே!" என்றேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளை!

"அந்த ஊசியில வர்றதும் நான்தான். உன் புள்ளைகிட்ட சின்னதா வந்துட்டுப் போயிடறேன். கைய காட்டு, போ."

காய்ச்சலில் குரல் கிறீச்சிட்டது. அதுவும் அவர்களுக்குப் பொருத்தமாகவே பட்டிருக்க வேண்டும். அம்மா குலவை போட்டாள். "இன்னும் இன்னா வேணும், சொல்லு தாயே" என்று என் முகத்தருகே குனிந்தாள். ரசத்தில் கொஞ்சம் தாளிப்பு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா ஓடினாள். அவளுக்குப் பின்னால் தெருவே ஓடியது. உச்சிவேளைக்குள் ஊசிக்காரர் கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோனது. போகிற வழியில் எங்கள் ஜன்னலில் எட்டிப்பார்த்து, தனக்கு வரும் தமிழில், "ஸ்டூடெண்ட், இன்னா சொன்னே இவங்களுக்கு? நல்லா எடுத்துச் சொல்லியிருக்கே!" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பொருக்கு உதிர்ந்தது. குழந்தைக்கும் காய்ச்சல் வந்து போயிற்று. தோளில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். பின்தெருவில் மேலும் இரண்டு வீட்டில் பெரியம்மை கண்டது. எங்கள் தெருவுக்குள் அது வரவில்லை. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அக்கா என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். சளி பிடித்த குழந்தைகளோடு பெண்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். வாசகசாலை நண்பன் ஒருவன், "தாயே, டீ சொல்லட்டுமா?" என்கிறான். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டேன்.

போன மாதம் வாசகசாலையில் பேச எழுந்தேன். "ஆத்தா பெயரைச் சொல்லி ஏழைகளை ஏமாற்றுகிறவர்கள்..." என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசையில், கதவருகே, அக்கா. நான் பேசுகிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து, என்னைக் கும்பிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் அவளை நிறுத்தினேன். அன்றைக்குப் பேசியது ஆத்தா இல்லை, நான்தான் என்று சொல்லிவிடத்தான் போனேன். அவள் மறுபடி முழுகாமல் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பிறக்கப்போகும் அதற்கும் ஒருநாள் யாராவது ஊசிக்காரர் வருவார். கதவு திறக்க வேண்டும்.

"அக்கா," என்றேன், "பழையபடி என்னைத் தம்பின்னு கூப்பிடேன்."

"ஆவட்டும் தாயே" என்றாள்.