மெஷின் வேண்டாம் என்றவனோடு வேலூரிலிருந்து ஆம்பூர் வரை

அப்பு, உன்னிடம் பேசுவது போலத்தான் இதை எழுதுகிறேன். படிக்கப்போவது வேறு யாரோ. ஆஸ்பத்திரியிலிருந்து தன் ஆளை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று தவித்து நிற்கிற யாரோ. நான் ஆறாவது வரைதான் படித்தேன். சொல்லச் சொல்ல என் மகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள்.

2007, ஆடி மாதம். அப்பு என் தம்பி, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவன். நுரையீரல் சுருங்கிப்போய் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி குணமாகாது, மூச்சு நின்றுபோகிற நேரத்தில் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் வைக்கலாம், ஆனால் அதிலிருந்து வெளியே வருவது சந்தேகம் என்றார்கள். அவனுக்கு நல்ல நினைவு இருந்தது.

"மெஷின் வேணாங்க்கா. வூட்டுக்குப் போலாம்."

ஆம்பூரிலிருந்து பெரியம்மா போனில் அழுதாள். "புள்ள இழுத்துனு கெடக்குறத எப்டி பாக்குறது? ஒரு ஊசி போட்டு முடிக்கச் சொல்லுடி."

டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊசி போட்டா அவரைக் கொல்றது நான். அதைச் செய்ய மாட்டேன், சட்டமும் விடாது. மெஷின் வேணாம்னு அவரே சொல்றது வேற. அதுல உயிரை எடுக்கிறது நோய்தான். திணறல் தெரியாம இருக்க மருந்து தர்றேன்."

"அப்போ நான் கூட்டினு போறது கொலை இல்லியே?"

"இல்லம்மா. மெஷின் இல்லாத காலத்துல இந்தக் கேள்வியே இல்ல. இப்ப வாரம் ஒருத்தர் கேக்குறாங்க." பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "வீட்ல யாரும் பால் ஊத்தக் கூடாது. அவரால விழுங்க முடியாது, மூச்சுக்குழாய்ல இறங்கிடும். ஊசி வேணாம்னுட்டு, அதே வேலையை ஒரு சங்குப் பாலால செஞ்சிடாதீங்க. ஆக்சிஜன் மாஸ்க் இதமா இருந்தா போடுங்க. பிடிக்கலன்னா வற்புறுத்தாதீங்க."

காலை பத்து மணிக்கு வாடகை வேனில் கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டர். வாடகை ஆயிரத்து இருநூறு, சிலிண்டருக்குத் தனியாக முந்நூறு. ஓட்டியவர் ஒரு பாய்.

"பேஜாராவாதக்கா, ஜாஸ்தி குலுங்காம ஓட்றேன்."

பள்ளிகொண்டா தாண்டி ரோடு போடும் வேலை நடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாய் வண்டியை ஊர விட்டார். மாதனூரில் நிறுத்தி அவர் டீ குடித்தார். எனக்கு வாங்கித் தந்ததை நான் குடிக்கவில்லை. அப்பு மாஸ்க்குக்குள்ளிருந்தே, "எங்கக்காவுக்கு டீயில பிரியாணி போட்டுக் குடு பாய், குடிக்கும்" என்றான். பாய் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆம்பூர் நெருங்கியதும் டேனரி நாற்றம் வந்தது. பாய் கண்ணாடியை ஏற்றினார்.

"எறக்கு பாய்."

"நாத்தம் கொடலைப் புடுங்குது தம்பி."

"அதான். ஊர் வந்துடுச்சு."

மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டு மூச்சை உள்ளே வாங்கினான். மறுபடி போடக் கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் வலு இருந்தது. விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் மாஸ்க் போடவே இல்லை.

வாசலில் பெரியம்மா சங்கும் பாலுமாக நின்றாள். "பால் ஊத்தாம அனுப்புனா தாகத்தோட போவான்டி. காலங்காலமா ஊத்துறதுதானே?"

"தாகத்துக்குப் பஞ்சு நனைச்சி ஒதட்டுல வைக்கலாம். ஊத்த விட மாட்டேன்."

"நீ இன்னா, பெரிய டாக்டரா?"

"அவனுக்கு அக்கா."

சங்கை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம், பெரியம்மா பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோதே அடங்கிவிட்டான். டாக்டரம்மா தந்த மருந்து இருந்ததால் திணறல் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு பயணம் வந்தால், நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். திணறலுக்கு மருந்து வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று மீட்டர் முள்ளைப் பாருங்கள். பால் விஷயத்தை வீட்டுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, அதனால்தான் வாசலில் அத்தனை சண்டை.

கூட்டி வந்தது சரிதான். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஒன்று மட்டும் தெரியவில்லை, அப்பு. அந்த மாஸ்க்கை ஊர் நாற்றத்துக்காக இறக்கினாயா, இல்லை போதும் என்று இறக்கினாயா?