இட்டேரிக்கு வாக்கப்பட்டவர்

நான் சென்னியப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனுசன் அதற்கு முன்பே இட்டேரிக்கு வாக்கப்பட்டிருக்கிறார் என்று.

இட்டேரி என்றால் எங்கள் பக்கத்துக் காட்டுத் தடம். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மண் பாதை. திருச்செங்கோட்டு ரோட்டை விட்டு இறங்கினால் எங்கள் தோட்டத்துக்கு அது ஒன்றுதான் வழி. உள்ளே இருக்கிற அத்தனை தோட்டத்துக்காரர்களுக்கும் அதே வழிதான். பால் ஊற்றப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆடு மாடு, கல்யாணம், கருமாதி எல்லாம் அதில்தான் போகும். ஆனால் மழை பெய்து குழி விழுந்தால் மண்வெட்டியைத் தூக்குவது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி ஓட்டி, ஊர் ஊராகப் போர் போட்டு வந்தவர். போதும், இனித் தோட்டத்தோடு இருக்கிறேன் என்று வந்தார். எங்கே இருந்தார்? எங்கள் கடலைக்காட்டில் களை முட்டி வரைக்கும் நிற்கும். இவர் இட்டேரியில் ஊரான் வேலியின் முள்ளை வெட்டிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, இத்தன ஊட்டுல ஒருத்தனுக்குக் கூடவா கையில்ல?" என்று கேட்பேன்.

"நடக்கறது நாமளுந்தான புள்ள," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவனவன் கிணறு என்றால் அவனவன் விழுந்தடித்துக்கொண்டு தூர் வாருகிறான். அவனவன் காட்டில் அடுத்தவன் ஆடு வாய் வைத்தால் ஊரே இரண்டுபடுகிறது. எல்லோருக்கும் பொது என்று ஒன்று இருந்துவிட்டால் மட்டும், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. வேலியைப் புதுப்பிக்கிற சாக்கில் ஒவ்வொருவரும் ஒரு சாண் வெளியே தள்ளி நடுவார்கள். ஒரு சாண்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? இப்படியே தின்று தின்று, வளைவில் எங்கள் வேலிக்கும் எதிர்த் தோட்டத்துத் தங்கமுத்துவின் வேலிக்கும் நடுவில் இட்டேரி சுருங்கிவிட்டது. டூவீலர் போகும், உழவுக்கு மினி டிராக்டர் போகும். கார் போகாது.

போகாவிட்டால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். என் மகள் பிரவீனா மாசமாகிற வரைக்கும்.

அவளைச் சேலம் அஸ்தம்பட்டியில் கொடுத்திருக்கிறோம். எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு முன்னால் கட்டுச்சோறு விருந்து உண்டு. விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் போட்டு, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தொட்டிலுக்கென்று என் பழைய சேலைகளைத் துவைத்து மடித்தே வைத்துவிட்டேன். அப்போதுதான் சம்பந்தி அம்மாள் போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. திடீர்னு வலி எடுத்தா உங்க ஊடு வரைக்கும் கார் வருமா? வராதில்லீங்க. புள்ள இங்கயே இருக்கட்டும்."

அந்த அம்மாளைத் திட்டவாவது முடிந்ததா? சொன்னது அத்தனையும் நியாயம். மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து அழுதேன். பெற்ற மகளின் தலைப்பிரசவத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடக் கொடுத்துவைக்காத ஜென்மமா நான்?

என் வீட்டுக்காரர் நின்று பார்த்தார். மறுநாள் கடப்பாரையை எடுத்து, எங்கள் வேலிக் கல்லை எல்லாம் பிடுங்கி, இரண்டு முழம் எங்கள் காட்டுக்குள் தள்ளி நட்டார்.

"மொதல்ல நாம உட்டா, எதுருல இருக்கறவனும் உடுவான் புள்ள."

"இடம் குடுத்தா மடத்தப் புடுங்கற ஆளுங்க அவன்!"

நான் சொன்னதுதான் நடந்தது. ஒரு வாரம் ஆகவில்லை. தங்கமுத்து தன் வேலியைப் பிடுங்கி, நாங்கள் விட்ட இடத்துக்குள் அதே இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டான். எங்களுக்கு நிலம் போனது. இட்டேரி ஒரு விரற்கடை கூட அகலவில்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். "ஏய்யா தங்கமுத்து, இதென்ன உங்கப்பன் ஊட்டுத் தடமா?"

"பொதுத் தடந்தானுங்கக்கா. எனக்கும் அதுல பங்கு இருக்குதில்லீங்களா?"

"பொதுன்னா எல்லாருக்கும்னு அர்த்தம்டா. உனக்குன்னு அர்த்தமில்ல!"

அவன் வேலி ஆதியிலிருந்தே அங்கேதான் இருந்ததாம். சொன்னது யார்? அவன் மச்சான் வெள்ளியங்கிரி. வேலிக்கு ஓணான் சாட்சி! கையில் கிடைத்த மண்கட்டியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் வந்து, "உடு புள்ள, வா," என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சித்திரை பிறந்தது. தங்கமுத்துவின் கிணறு காய்ந்தது. தென்னையெல்லாம் மட்டை தொங்கிவிட்டது, மாடுகள் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றன. கடன் வாங்கிப் போர் போட ஏற்பாடு செய்தான். ரிக் வண்டி ரோட்டில் வந்து நின்றதே தவிர, வளைவில் நுழைய முடியவில்லை. இரண்டு பக்க வேலியையும் எடுத்தால்தான் ஆகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். தங்கமுத்து தன் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எங்கள் வாசலில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாடா மகனே, வா! என் வீட்டுக்காரரைச் சமையல்கட்டுக்குள் இழுத்தேன்.

"இப்ப உட்டா எப்பவும் இல்லீங்க. இனி வேலிய உள்ள தள்ளி நடறேன்னு அவன் கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணட்டும். அப்பறம் நம்ம கல்லத் தொடுங்க."

"தண்ணிக்கு வந்த வண்டிய மறிச்சு நின்னு பேரம் பேசறதா? ரிக்கு ஓட்டுன கை இது. என்னால ஆவாது."

"அப்ப பிரவீனா?"

மகள் பேரைச் சொன்னதும் நின்றார். கண் கலங்கியது, பார்த்தேன். ஆனாலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு நிபந்தனை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கல்லைத் தன் கையாலேயே பிடுங்கி வண்டிக்கு வழி விட்டார். அன்றைக்கு முழுக்க நான் திட்டிய திட்டு ரிக் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

பொழுது சாய தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். தங்கமுத்துவின் மனைவி அங்கம்மாள் முதல் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினேன். குடிக்க முடியாத கலங்கல். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் வளைவில் கடப்பாரைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தங்கமுத்து வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் குழி தோண்டிக் கொடுப்பது யார்? சாட்சாத் என் புருசன்!

"அட கூறுகெட்ட மனுசா! பெத்த புள்ள வார தடத்த மறிக்கறதுக்கு நீயே குழி தோண்டறயா?"

அவர் நிமிரவே இல்லை. தங்கமுத்துதான் பேசினான்.

"அக்கா, குழி எங்க இருக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். அவனுடைய வேப்பமரத்துக்கும் அக்கட்டால், அவன் சோளக்காட்டுக்குள் இருந்தது. லாரியே போகும் அகலம்.

"எங்க தோண்டறதுன்னு கேட்டாரு, நாந்தான் கால்ல கோடு போட்டுக் காட்டுனேன்," என்றான். "எடத்த உடச்சொல்லிக் கேப்பாரு, இப்படிச் சொல்லோணும், அப்படிச் சொல்லோணும்னு பதில் யோசிச்சு வெச்சிருந்தேனுங்க. மனுசன் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனுங்கக்கா."

 கிட்டே போய், அவன் பிடித்திருந்த கல்லை நானும் ஒரு கை பிடித்தேன்.

மாப்பிள்ளை சந்தோஷ்குமார் வந்து தடத்தைப் பார்த்துவிட்டுப் போய், அவர் அம்மாவிடம் சொன்னார். கட்டுச்சோறு விருந்து முடிந்து நாங்கள் மகளோடு வந்த கார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு முள் உரசாமல் உள்ளே வந்தது. வளைவில் மட்டும் ரிக் அழுத்திய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பிரவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை. நீங்க போங்க, நான் நடந்து வாரேன்," என்று இவர் இறங்கிக்கொண்டார்.

ஆரத்தி எடுத்து, மகளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "அப்பா இன்னும் வரலியேம்மா?" என்றாள்.

வாசலில் வந்து பார்த்தேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் மண் போட்டுக்கொண்டிருந்தார். தங்கமுத்து வேப்பமர நிழலில் நின்றபடி, "அந்தப் பக்கம் இன்னுங்கொஞ்சம் போடுங்கண்ணா," என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அளவுக்கு அது பெரிய முன்னேற்றம்தான்.

எங்கிருந்துதான் அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ எனக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பன் இட்டேரில இருக்காரு சாமி. போயிக் கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

போகும்போது மண் அள்ளுகிற சட்டியையும் கையில் எடுத்துக்கொண்டேன்.