வேலியைப் பார்த்து நின்ற வண்டி

கிளைவ் டிரான்டர் கேரவனை நிறுத்துகிற அழகுக்கு டிக்கெட் போடலாம் என்று என் கணவர் கீத் சொல்வார். வுல்வர்ஹாம்ப்டனில் முப்பது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டிய மனிதர் கிளைவ். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவருகிற அந்த வீட்டு வண்டியை, பண்ணைக்காரி நெஸ்டாவின் குறுகலான கேட்டுக்குள் ஒரே வீச்சில் பின்பக்கமாக நுழைத்துவிடுவார். அப்புறம் இறங்கி, வண்டி சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். ஒரு சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார், மறுபடி பார்ப்பார், கட்டையை உருவுவார். அவர் மனைவி ஆட்ரி அதுவரை காரை விட்டு இறங்க மாட்டாள்.

"முடிஞ்சுதா, இல்ல இன்னும் டிப்போவுலயே நிக்கிறோமா?" என்று ஜன்னல் வழியே கேட்பாள்.

"டிரைவர்கூடப் பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு பாரு, கண்ணு" என்பார் கிளைவ்.

வருஷா வருஷம் இதே பேச்சு. எங்களுக்கும் சலித்ததில்லை.

நெஸ்டாவின் வயலில் ஐந்து வண்டிகளுக்குத்தான் இடம். வேல்ஸ் எல்லையில், ஆட்டுப் பண்ணை ஒன்றின் ஓரம். ஒரு பக்கம் வேலிப் புதர், கீழே ஓடை, எதிரே மலை. ஊஞ்சல் கிடையாது, கடை கிடையாது, மழை பெய்தால் போனும் கிடையாது. இந்த ஒன்றுமில்லாத இடத்துக்காகத்தான் நாங்கள் அத்தனை தூரம் வண்டி இழுத்துக்கொண்டு வருகிறோம். மூலை இடம் டிரான்டர் தம்பதிக்கு என்று எழுதாத சட்டம். வண்டியின் பெரிய ஜன்னல் வேலியைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஆட்ரியின் சட்டம். புதருக்குள் குருவிகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே டோஸ்ட் தின்பாள்.

கிளைவ் தன்னைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டிய கதையை எனக்குச் சொன்னதே ஆட்ரிதான். "இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? அடுத்த ஸ்டாப்புல கதவத் தொறந்து, பாத்து இறங்குப்பான்னாராம்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து காது சிவக்கச் சிரித்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த பெண் ஆட்ரி, வாய் அதிகம், குரலும் அதிகம். வீட்டில் எல்லாமே அவள் முடிவுதான். திரைச்சீலை நிறம், விடுமுறைக்கு எங்கே போவது, மகளுக்கு என்ன பெயர், எல்லாம். அவருக்கு அதில் குறை இருந்ததாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

பிறகு ஆட்ரிக்கு ஞாபகம் தேய ஆரம்பித்தது. முதலில் பேர்கள் போயின. அப்புறம் அடுப்பு, அப்புறம் தெரு. ஊரில் அவளை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக் கதவை இடிப்பாளாம், தன் வீடு அது என்று சண்டை பிடிப்பாளாம். போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். ஆனால் கேரவனுக்குள் நுழைந்தால் வேறு பெண். கை நீட்டினால் கெட்டில், திரும்பினால் கட்டில். கதவைத் திறந்து இறங்கி, வலது பக்கம் திரும்பி, வேலியை ஒட்டியே நடந்தால் குளியலறைக் கட்டடம். இத்தனை வருஷமாக நடந்த பாதை, அவள் காலுக்குத் தெரியும். துண்டும் சோப்புப் பையுமாகத் தனியாகப் போய்த் தனியாக வந்துவிடுவாள். அவள் திரும்பி வருகிறவரை கிளைவ் படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பார். அவர் முகத்தில் அப்போது இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அந்த செப்டம்பரில் மகள் லொரைன் வந்தாள். முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கெட்ட பெண் இல்லை, சொல்லிவிடுகிறேன். அப்பா இளைத்துப் போவதைக் கண்ணால் பார்த்தவள். வண்டிக்குள் பேசினால் அம்மா கேட்டுவிடுவாள் என்று அப்பாவும் மகளும் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அப்படிப் பேசியது எங்கள் காதில் விழத்தான் செய்தது.

"அப்பா, நீ தூங்கி எத்தன நாளாச்சு? கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன். எப்பவும் இருக்குற அசிங்கமான மூஞ்சிதான்."

"வெளையாடாத. அங்க நர்ஸ் இருக்காங்க. நல்லாப் பாத்துக்குவாங்க."

"நான் நல்லாப் பாத்துக்கலயா?" என்றார் கிளைவ். "ராத்திரி முழிச்சா அவ என் சட்டையத்தான் தேடுறா. அங்க யாரு சட்டையப் பிடிப்பா? என்னால அவள விட முடியாதும்மா. முடியாது, அவ்வளவுதான்."

லொரைன் அழுதுவிட்டாள். கடைசியில், இந்த மாதம் முழுக்க ஒரு அசம்பாவிதமும் நடக்காமல் இருந்தால் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு நடந்தாலும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

அவள் கார் கேட்டைத் தாண்டியதும் கிளைவ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "மாசம் முடிய எவ்வளவு நாள் இருக்கு, பெவ்?"

"நீங்க ஒழுங்கா இருந்தா ஓடிடும்" என்றேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்து, மூலை இடம் சேறாகி, அவர்கள் வண்டியின் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. ரசமட்டத்தைப் பார்த்து அவர் பட்ட அவஸ்தை தனிக் கதை. நெஸ்டா டிராக்டரோடு வந்தாள். புல்லை விட்டு இரண்டு எட்டு தள்ளிச் சரளைக்கல் போட்ட தரை இருந்தது, அதில் இழுத்து நிறுத்திவிடலாம் என்றாள்.

வண்டியைக் கோத்துவிட்டு, "எப்படி நிறுத்தட்டும், மிஸ்டர் டிரான்டர்? இருந்த மாதிரியேவா?" என்று கேட்டாள்.

கிளைவ் மழைத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பிடும்மா. காத்து கதவுலயே அடிக்குது" என்றார்.

எங்களில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. காற்று மாறினால் வண்டியைத் திருப்புவது நாங்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் வண்டியைத் திருப்பினால் கதவும் திரும்பிவிடுகிறது. இறங்கி வலது பக்கம் போனால் இனி ஓடை. இடது பக்கம் போனால்தான் குளியலறை.

கிளைவ் அதை மறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆட்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக மழையிலேயே பாடம் நடத்தினார். "இறங்கினதும் இந்த இடக் கைப் பக்கம், கண்ணு. கல்யாண மோதிரம் போட்ட கை."

"எனக்குத் தெரியும்யா. நான் என்ன முட்டாளா?" என்றாள் ஆட்ரி. ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். அவர் கூடவே போனார், கூடவே வந்தார். மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

அன்று காலை மழை நின்று மூடுபனி இறங்கியிருந்தது. ஆட்ரி நல்ல தூக்கத்தில் இருந்தாள். வண்டிக்குள் இருக்கிற கழிவறையின் பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்க் கொட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆண்களுக்கு அது தினப்படிக் கடமை, கோயிலுக்குப் போகிற மாதிரி வரிசையாகப் போவார்கள். கிளைவ் கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. ஒரு நாளும் பூட்டியதில்லை. "என் பொண்டாட்டிய அடைச்சு வைக்குறதா இருந்தா, அந்த இல்லத்துலயே விட்டுடலாமே" என்பார்.

அவர் போன நேரத்தில் ஆட்ரி எழுந்தாள். ராத்திரி உடுப்புக்கு மேல் கவுனை மாட்டினாள். துண்டையும் சோப்புப் பையையும் எடுத்துக்கொண்டாள். இறங்கி, வலது பக்கம் திரும்பினாள்.

கீழ்க்கோடியில் நின்ற வண்டியில் ரோலண்ட் என்று ஒரு செஷயர்க்காரர் இருந்தார். அவர் டீயோடு வெளியே உட்கார்ந்திருந்தார். ஆட்ரி அவரைக் கடந்துதான் போயிருக்கிறாள். இதே கோலத்தில் ஒரு வயதான பெண் ஊரில் தெருவோடு நடந்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள். எங்களிடத்தில் காலையில் கவுனும் துண்டுமாகப் போகிறவரைப் பார்ப்பது மரியாதை இல்லை. பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். பல் துலக்காதவரை நிறுத்திக் குட்மார்னிங் சொல்கிறவனை நாங்கள் அடுத்த வருஷம் வரைக்கும் திட்டுவோம். ரோலண்ட் புது ஆள், ஆட்ரியின் நிலைமை அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷன், தலையைக் குனிந்து டீயைப் பார்த்துக்கொண்டார்.

கிளைவ் திரும்பி வந்து கட்டிலைப் பார்த்தார். குளியலறைக்கு ஓடினார். அவர் "ஆட்ரி!" என்று போட்ட சத்தம் இத்தனை வருஷத்தில் அந்த வயல் கேட்காத சத்தம். எல்லாக் கதவும் திறந்தன. ரோலண்ட்தான் எழுந்து நின்று, கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்தப் பக்கமா ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

மழையில் ஓடை பெருகி ஓடிக்கொண்டிருந்தது. ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த மரப்பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, வேர்களில் கவுன் சிக்கிக் கிடந்தாள். கிளைவும் கீத்தும் இறங்கித் தூக்கினார்கள். நெஸ்டா மேட்டு நிலத்துக்கு ஓடி, போன் எடுக்கிற இடமாகத் தேடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எப்படியும் பிரயோஜனம் இருந்திருக்காது. கிளைவ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முகத்தை மூடச் சொன்ன பிறகும் விடவில்லை.

விசாரணையில் விபத்து என்று முடிந்தது. வண்டியை ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டதற்குக் காற்று என்று சொன்னார். நெஸ்டாவும் அதையே சொன்னாள், கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். லொரைன் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சவ அடக்கத்தன்று அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில்தான் ஒன்றிரண்டு நாக்குகள், அவருக்கும் பாரம் இறங்கிற்று என்று பேசின. அந்த நாக்குகளை அறுத்துப் போட்டாலும் என் ஆத்திரம் தீராது.

இனி அவர் அந்த வயல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஏப்ரலில் வண்டியோடு வந்து நின்றார். மூலை இடத்திலேயே நிறுத்தினார், வேலியைப் பார்த்து, கதவு பழைய பக்கம் வருகிற மாதிரி. கார் காலியாக இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை, வண்டி சாய்ந்தே இருந்தது.

மறுநாள் மத்தியானம் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கப்பை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"பெவ், அன்னிக்குக் காத்தே இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னைக்கு?"

"நெஸ்டா டிராக்டரக் கொண்டுவந்தாளே, அன்னிக்கு. காத்துன்னு சும்மா சொன்னேன். இத்தன வருஷமா அவளுக்காக வேலியவே பாத்துட்டு டீ குடிச்சேன். சரி, குருவி இருக்கா இல்லையான்னே அவளுக்கு இப்போ தெரியலயே, நாம ஒரு தடவ அந்த மலையப் பாத்துட்டு உக்காருவோமேன்னு தோணிச்சு. எனக்காக. அவ்வளவுதான். அதுக்குத்தான் திருப்பச் சொன்னேன்."

இதில் என்ன தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, மலைய?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க பாத்தேன்? மழையும் பனியுமா, அவ போற வரைக்கும் மூடியேதான் கெடந்துச்சு."